42 கிலோமீட்டர் ஸ்கேட்டிங்: கோலாலம்பூரில் இருந்துகொண்டு நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில், சக்கர ஸ்கேட்டில் ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகப் போட்டி நடந்தது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் அங்கே 1,000 மீட்டரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் அவருக்கே கிடைத்தது. குறுந்தூரம் ஓடுகிறவர் நெடுந்தூரத்திலும் ஜெயிப்பது அபூர்வம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, பீரோ மேலே தூசி படிந்து கிடந்த ஸ்கேட்டை எடுத்துத் துடைத்தவர்கள் நம் தாமான்களிலும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஓரளவு ஸ்கேட் ஓட்டத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். விழாமல் ஐந்தாறு கிலோமீட்டர் போக வரும், வளைவில் திரும்ப வரும் என்றால் போதும். கால் பலத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். நெடுந்தூர ஸ்கேட்டிங்கில் ஜெயிப்பது சிக்கனம்தான். மூச்சு, தண்ணீர், கால் தோல் என்று எதையும் வீணாக்காமல் கடைசி கிலோமீட்டர் வரை கொண்டுபோகிறவர், தன்னைவிட வேகமான பத்துப் பேரைத் தாண்டிவிடுவார்.

முதலில் எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யுங்கள்

பந்தயங்களில் பல வகை உண்டு. 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர், மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டர் ஆகியவை வழக்கமானவை. மூடிய சுற்றுப்பாதையில் குழுவாக மாறி மாறி ஓடும் 6 மணி, 12 மணி, 24 மணி நேரப் பந்தயங்களும் இருக்கின்றன. பிரான்சில் கார் பந்தயத்துக்குப் பேர்போன லெ மான் நகரின் புகாட்டி சுற்றுப்பாதையில் ஸ்கேட்டர்களுக்கென்றே 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஜெர்மனியின் பெர்லின் மாரத்தானிலோ ஓட்டக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கேட்டர்களுக்கு அதற்கு முந்தைய சனிக்கிழமை. தட்டையான பாதை என்பதால் முன்னணி வீரர்கள் அங்கே ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் அதைப் பல முறை வென்றவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தள ஸ்கேட்டிங்கிலும் தங்கம் வாங்கியவர் அவர்.

நம் கணக்கு வேறு. மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி வைத்தால் மாரத்தான் தூரத்துக்கு 2 மணி 49 நிமிடம் ஆகும். 20 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 2 மணி 7 நிமிடம், 25 என்றால் 1 மணி 41 நிமிடம். முதல் பந்தயத்தில் 18 முதல் 20 வரை பிடித்தாலே நல்ல ஓட்டம்தான்.

பதிவு செய்வதற்கு முன் விதிமுறைகளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, பிறகு பந்தய நாளன்று வாசலில் நின்று வாதாடுகிறார்கள். நேர வரம்பு எவ்வளவு, சக்கர அளவுக்குக் கட்டுப்பாடு உண்டா, தலைக்கவசம் தவிர மணிக்கட்டுக் காப்பும் கட்டாயமா, காதில் இயர்போன் போடலாமா என்பதையெல்லாம் பாருங்கள். சில பந்தயங்களில் ஆண்களின் வரிசைக்குப் பின்னால் பெண்கள் ஒட்டிக்கொண்டு போகவும் தடை இருக்கும். புறப்படும் குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உண்மையான வேகத்தை எழுதுங்கள். வேகக்காரர்களின் குழுவில் போய் நின்றால் முதல் 200 மீட்டரிலேயே எல்லாரும் உங்களை உரசிக்கொண்டு போவார்கள்.

ஸ்கேட்டைத் தேர்ந்தெடுப்பது

பணம் செலவாகும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசலாம்.

பேரங்காடிக்குப் பின்னால் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கேட்டில் சக்கரம் 72 முதல் 80 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதில் 42 கிலோமீட்டர் போக முடியும். ஆனால் போய் முடிக்கும்போது உங்கள் குலதெய்வம் வரை எல்லாரையும் கூப்பிட்டிருப்பீர்கள். பெரிய சக்கரம் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சாலையின் கரடுமுரடைக் காலுக்குக் கொண்டுவராது. அதற்கு விலையாக எடையும் உயரமும் கூடும், கிளம்பும்போது வேகம் பிடிக்க நேரமாகும், கணுக்காலுக்கு வேலை அதிகமாகும்.

முதல் மாரத்தானுக்கு 90 அல்லது 100 மில்லிமீட்டரில் நான்கு சக்கரம், இல்லையென்றால் 110 மில்லிமீட்டரில் மூன்று சக்கரம் போதும். பூட் கணுக்காலுக்கு மேல்வரை பிடிப்பதாக இருக்கட்டும். நான்கு 110, மூன்று 125 என்பதெல்லாம் தாழ்வான கார்பன் பூட்டோடு வரும் பந்தய ஸ்கேட்டுகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒற்றைக்காலில் பத்து விநாடி நேராகப் போக முடியாதவருக்கு அவை தண்டனை.

பேரிங் விஷயத்தில் ஏமாறாதீர்கள். டப்பாவில் இருக்கும் ஏபெக் எண் எவ்வளவு நுணுக்கமாகத் தயாரித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு வேகமாகப் போவீர்கள் என்பதைச் சொல்வதில்லை. சுத்தமாக, எண்ணெய் போட்ட சாதாரண பேரிங், மண் ஏறிய விலையுயர்ந்த பேரிங்கைவிட மேல். அந்தக் காசைச் சக்கரத்தில் போடுங்கள். சக்கரத்தின் கடினத்தை 85ஏ என்பதுபோல எண்ணில் குறிப்பார்கள். நம் ஊர் வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும்போது சக்கரம் இளகும், இளகினால் உருளல் குறையும். அதனால் மிக மென்மையான சக்கரத்தைத் தவிர்க்கலாம். உடல் எடை அதிகமுள்ளவர்கள் இன்னும் ஒரு படி கடினமானதை எடுக்கலாம்.

பூட்டை மாலையில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். பந்தயத்தின் இரண்டாம் மணி நேரத்தில் உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கப்போகிறது. விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடலாம், முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும். குதிகால் அசையவே கூடாது. உள்பக்கக் கணுக்கால் எலும்பு எங்காவது உரசினால், "போகப் போக சரியாகிடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். வெப்பத்தில் வளைந்துகொடுக்கும் பூட் என்றால் அங்கேயே சூடாக்கித் தரச் சொல்லுங்கள். கைமாறிய ஸ்கேட் வாங்குவதில் தப்பில்லை, பாதி விலைக்கே நல்லது கிடைக்கும். ஃபிரேம் நேராக இருக்கிறதா, அச்சாணித் திருகு தேய்ந்து வழுக்குகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

தலைக்கவசம் இல்லாமல் பேச்சே இல்லை. மணிக்கட்டுக் காப்பையும் விடாதீர்கள். விழும்போது கை தானாகவே முன்னால் போகும், அதை எவராலும் தடுக்க முடியாது.

வேகத்துக்கு முன் நிறுத்தம்

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு விநாடிக்கும் ஐந்தரை மீட்டர் தாண்டுகிறீர்கள். முன்னால் ஒருவர் விழுந்ததைப் பார்த்து, புரிந்து, உடம்பு அசைவதற்குள் ஒரு விநாடி போய்விடும். மிச்சத் தூரத்தில் நிற்கத் தெரியவில்லை என்றால் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன்.

குதிகால் பிரேக் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். பிரேக் வைத்திருப்பது கற்றுக்குட்டியின் அடையாளம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அது இல்லாத பந்தய ஸ்கேட்டில் இரண்டு வழி கைவசம் இருக்க வேண்டும். ஒன்று, ஒரு காலை மற்றதற்குப் பின்னால் குறுக்கே வைத்து இழுப்பது. இது சக்கரத்தைத் தின்னும், ஆனால் குறுகிய இடத்தில் உதவும். மற்றது, இரு கால்களையும் அகட்டி, முன்பக்கம் உள்நோக்கித் திருப்பி, ஏர் உழுவதுபோல் அழுத்துவது. இறக்கத்தில் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க இதுதான் நல்லது. இரண்டையும் மெதுவான வேகத்தில் தொடங்கி, ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டில் நிற்கும்வரை பழகுங்கள். பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் பழகுங்கள். புல்தரைக்குள் ஓடி இறங்குவதையும் ஒருமுறை செய்து பாருங்கள். கடைசி வழியாக அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

உடம்பை வைக்கும் விதம்

முழங்கால் மடங்க வேண்டும், இன்னும் மடங்க வேண்டும். மூக்கு, முழங்கால், கால்விரல் மூன்றும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். பலர் முழங்காலை நேராக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் குனிகிறார்கள். 15 கிலோமீட்டருக்குப் பிறகு கீழ்முதுகு கத்தும், காரணம் புரியாமல் பூட்டைத் திட்டுவார்கள்.

தள்ளுவது பக்கவாட்டில். நடக்கிற பழக்கத்தில் கால் பின்னோக்கித்தான் போகும். அப்படித் தள்ளினால் விரல்நுனி தரையைச் சுரண்டும், பலம் வீணாகும். சக்கரம் நான்கும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பினால் தள்ளல் சரி. தள்ளிய கால் திரும்பி வந்து உடலின் நடுக்கோட்டுக்கு அடியிலேயே இறங்க வேண்டும். அந்தக் காலின் மேல் முழு எடையும் ஏறி, ஒரு கணம் சும்மா வழுக்கிச் செல்ல வேண்டும். சிக்கனம் என்றேனே, அது இந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. வேகவேகமாகக் காலை மாற்றுகிறவர் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு அடி போடுகிறார்.

இரட்டைத் தள்ளல் என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். இறங்கும் காலை முதலில் சக்கரத்தின் வெளிவிளிம்பில் உள்நோக்கி இழுத்து, பிறகு வழக்கம்போல் வெளியே தள்ளுவது. 1990களில் அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக் இதைக் கொண்டுவந்து எல்லாரையும் திணறடித்தார். பின்னர் பனித்தள ஸ்கேட்டிங்குக்கு மாறி 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கமும் வாங்கினார். அழகான நுட்பம்தான். முதல் மாரத்தானுக்கு அது தேவையில்லை, ஒற்றைக்காலில் நிலைத்து வழுக்க வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எங்கே பழகுவது

கோலாலம்பூரில் ஸ்கேட்டருக்குக் கிடைத்த வரம், ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை நகர மையச் சாலைகளைக் கார்களுக்கு மூடும் காலை நிகழ்ச்சி. 2014இல் தொடங்கியது. ஜாலான் சுல்தான் இஸ்மாயில் போன்ற சாலையில், வழக்கமாக நெரிசலில் ஊர்ந்த அதே இடத்தில், சக்கரத்தில் பறப்பது தனிச் சுகம். சைக்கிள்காரர்களும் ஓடுகிறவர்களும் குழந்தைகளும் கலந்திருப்பார்கள் என்பதால் முழு வேகம் வேண்டாம். கூட்டத்தினூடே போகும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல பள்ளி கிடையாது. அடுத்த ஞாயிறு எந்தச் சாலைகள் மூடப்படும் என்று மாநகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புத்ராஜெயாவின் பெர்சியாரான் பெர்டானா 4.2 கிலோமீட்டர் நீளம். ஐந்து முறை போய் வந்தால் 42 கிலோமீட்டர், கணக்குப் போட வசதி. அது வண்டி ஓடும் சாலை, ஆகவே நிகழ்ச்சிகளுக்காக மூடப்படும் நாளில் மட்டும் இறங்குங்கள். தித்திவாங்சா ஏரிப் பூங்காவும் புக்கிட் ஜாலில் பூங்காவும் நுட்பம் பழக நல்லவை, காலை ஏழரைக்கு மேல் நடப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள். பினாங்கில் இருப்பவர்கள் கர்ப்பால் சிங் டிரைவ் போன்ற கடலோரப் பாதைகளுக்கு விடியற்காலையில் போய்ப் பார்க்கலாம். ஓடு பதித்த தரை நீண்ட நேரம் காலை அதிர வைக்கும், ஆகவே நீண்ட பயிற்சிக்குத் தார்த்தரையைத் தேடுங்கள். பினாங்குப் பாலத்தில் மாரத்தான் ஓடுகிறார்களே என்று சாதாரண நாளில் ஸ்கேட்டோடு ஏறும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

நம் சாலைகளுக்கென்று சில கண்ணிகள் இருக்கின்றன. வேகத்தைக் குறைக்கக் குறுக்கே அடித்திருக்கும் தடித்த மஞ்சள் கோடுகள் பல்லை ஆட்டும். அவற்றில் ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, தள்ளாமல் உருண்டு கடக்க வேண்டும். சாக்கடைக் கம்பி மூடி, வேகத்தடை மேடான போங்கோல், மழைக்குப் பின் ஒட்டிக் கிடக்கும் இலை எல்லாமே ஆளைத் தள்ளும். ஈரத்தில் வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் சோப்பு போட்ட தரைதான். பிற்பகல் இடிமழை எப்போது வரும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, காலையிலேயே முடித்துவிடுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை (ஐ.பி.யு.) பாருங்கள். ஐ.பி.யு. 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை என்று கணக்கு. அன்று வீட்டுக்குள் பக்கவாட்டு ஸ்குவாட்டும் வயிற்றுப் பயிற்சியும் போதும்.

பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு மேல் வேலைக்குப் போகிறவரால் முடியாது, தேவையும் இல்லை. ஒரு நாள் நுட்பம்: ஒற்றைக்கால் வழுக்கல், வளைவில் கால் மாற்றி வைப்பது, நிறுத்தம். ஒரு நாள் வேகம்: நன்றாகச் சூடேறிய பின் மூன்று நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக, ஐந்தாறு முறை. வார இறுதியில் நீண்ட ஓட்டம்.

நீண்ட ஓட்டத்தை 12 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கூட்டுங்கள். 12, 15, 18 ஆனதும் நான்காம் வாரம் மறுபடி 12க்கு இறங்குங்கள். அப்புறம் 21, 24, 27. எட்டாம் வாரம் 18. பிறகு 30, 34. பதினோராம் வாரம் 20 மட்டும். பன்னிரண்டாம் வாரம் பந்தயம். அந்தக் கடைசி வாரத்தில் இருமுறை அரை மணி நேரம் இலேசாக உருண்டால் போதும். பயிற்சி தவறிவிட்டது, கடைசி வாரத்தில் ஈடுகட்டலாம் என்பது பரீட்சைக்கு முந்தைய இரவு படிப்பதைவிட மோசமான யோசனை.

நீண்ட ஓட்டத்தின் வேகம் பேசிக்கொண்டே போகும் வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் குறையுங்கள்.

தண்ணீர், உப்பு, வயிறு

பெர்லினில் செப்டம்பர் குளிரில் ஓடுகிறவர்கள் எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்றினால் மயங்கி விழ வேண்டியதுதான். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை உலராமல் வழிந்து போகிறது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே தண்ணீரை இழக்கிறோம், குளிர்ச்சியோ கிடைப்பதில்லை.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஈர உடையைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதியைப் பந்தயத்தின்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்காக. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். 100 பிளஸ் போன்ற பானம் நல்லதுதான், ஆனால் முந்தின இரவே மூடியைத் திறந்து வாயுவைப் போக்கிவிடுங்கள். குனிந்த நிலையில் ஏப்பம் வந்தால் வேடிக்கையாக இருக்காது.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதானால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழம் சட்டைப்பையில் நசுங்காது, விலையும் குறைவு. ஜெல் பிடித்தால் ஜெல். எதுவானாலும் நீண்ட பயிற்சியில் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

காலை உணவு புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால். 7 மணிப் பந்தயத்துக்கு நாலரைக்கு இட்லி, இல்லையென்றால் ரொட்டியில் காயா. நாசி லெமாக்கைப் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் சம்பாலும் 20ஆவது கிலோமீட்டரில் திரும்பி வந்து விசாரிக்கும்.

வெயிலில் மயிர்க்கூச்செறிந்து குளிர்வதுபோல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ, பக்கத்தில் வருகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ உடனே நிறுத்த வேண்டும். நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், பனிக்கட்டி, மருத்துவக் குழுவுக்குத் தகவல். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

வரிசையில் போவது

தனியாகப் போகிறவர் காற்றோடு சண்டை போடுகிறார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15இலிருந்து 30 கிலோமீட்டருக்கு வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. முன்னால் ஒருவர் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் வருபவர் வெகு குறைந்த உழைப்பில் அதே வேகத்தில் வரலாம். நெடுந்தூர ஸ்கேட்டிங்கின் உயிரே இந்த வரிசைதான். தனியாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது, ஆகவே பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பாவது நாலைந்து பேர் சேர்ந்து பழகுங்கள்.

முன்னால் இருப்பவரின் பின்னால் ஒரு மீட்டருக்குள் இருங்கள். அவர் இடது காலில் வழுக்கும்போது நீங்களும் இடது காலில். அடி ஒத்துப்போனால் சக்கரம் சக்கரத்தில் மோதாது. அவருடைய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் தோளுக்கு மேலாகப் பாதையைப் பாருங்கள். கைகளை முதுகில் கட்டிக்கொள்ளலாம். இடைவெளி குறைந்துவிட்டால் ஒரு கையை நீட்டி முன்னவரின் இடுப்பில் மெல்ல வைத்து வேகத்தைச் சமன்செய்வது வழக்கம். தள்ளுவதோ பிடித்து இழுப்பதோ கூடாது. அறிமுகமில்லாதவர், அதிலும் பெண் என்றால், "அக்கா, பின்னால வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்வது மரியாதை.

முறை வந்து முன்னால் போகும்போது எல்லாருக்கும் ஓர் ஆசை வரும், நம் பலத்தைக் காட்டிவிடலாம் என்று. வேகத்தைக் கூட்டாதீர்கள். முன்னால் ஒரு கிலோமீட்டர் வேகம் கூடினால் கடைசியில் இருப்பவர் பிடிக்க முடியாமல் அறுந்துபோவார், வரிசை உடையும், பிறகு நீங்களே தனியாகக் காற்றை வாங்க வேண்டியதுதான். அரை நிமிடம், ஒரு நிமிடம் இழுத்துவிட்டு, கையால் சைகை காட்டி, ஒரு பக்கமாக விலகி, மெதுவாகி, கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள். களைப்பாக இருந்தால் முறையைச் சுருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறைகூட முன்னால் வராமல் 40 கிலோமீட்டர் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி 200 மீட்டரில் பாய்ந்து தாண்டுகிறவரை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

வரிசையில் திடீரென்று பிரேக் போடக் கூடாது. நிமிர்ந்து நின்றாலே காற்று வேகத்தைக் குறைத்துவிடும். குழியைப் பார்த்தால் சத்தம் போடுங்கள். "லுபாங்!" என்றால் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் புரியும், கையாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

முந்தைய நாளும் அன்றைய நாளும்

புதுச் சக்கரம் போடுவதானால் ஒரு வாரம் முன்பே போட்டு ஒருமுறை நீண்ட ஓட்டம் ஓடிவிடுங்கள். முந்தைய நாள் எல்லா அச்சாணிகளையும் திருகுச் சாவியால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அந்தச் சாவியையும் உதிரி அச்சாணி ஒன்றையும் பையில் போடுங்கள். நேரம் கணிக்கும் சில்லு தந்திருந்தால் கணுக்காலில் உரசாதபடி கட்டிப் பாருங்கள். மெல்லிய காலுறை போதும், தடித்தது ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் தரும். தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை நடந்தவர்களுக்குக் கொப்புளம் எங்கே கிளம்பும் என்று தெரியும், அந்த இடங்களில் முன்கூட்டியே ஒட்டுநாடாவோ வாசலினோ வையுங்கள்.

காலை ஆறரைக்குப் புறப்பாடு என்றால் எல்.ஆர்.டி.யை நம்ப முடியாது. சாலைகளும் மூடியிருக்கும், நண்பர்களோடு ஒரே காரில் முன்னதாகப் போய்விடுங்கள்.

புறப்படும் இடத்தில் நெரிசலாக இருக்கும். முதல் சில அடிகளைக் கால்விரலை வெளிப்பக்கம் திருப்பி நடப்பதுபோல் குறுக்கி வையுங்கள், அகல வீசினால் பக்கத்தில் இருப்பவரின் கால் மாட்டிக்கொள்ளும். முதல் 5 கிலோமீட்டர் உங்களுக்கு மிக எளிதாகத் தெரியும், அப்படியே எளிதாக வைத்திருங்கள். அந்த நேரத்தில் தேட வேண்டியது உங்கள் வேகத்துக்கு ஏற்ற வரிசையை. சற்று வேகமான வரிசையில் தொற்றிக்கொண்டு திணறுவதைவிட, சற்று மெதுவான வரிசையில் தண்ணீர் குடித்துக்கொண்டு போவது லாபம். 25 முதல் 35 கிலோமீட்டர் வரை மனம் சோர்ந்துபோகும், வேடிக்கை பார்க்கவும் ஒன்றும் இருக்காது. அங்கே முழங்கால் நிமிரத் தொடங்கும், அதை மட்டும் கவனித்துத் தாழ்த்துங்கள்.

விழுந்தால் முதலில் பாதையை விட்டு ஓரமாக உருளுங்கள், பிறகு காயத்தைப் பாருங்கள். தலை அடிபட்டிருந்தால் பந்தயம் அங்கே முடிந்தது.

கடைசிக் கோட்டைத் தாண்டும்வரை கையைத் தூக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3,000 மீட்டர் தொடரோட்டம். கொரியாவின் கடைசி வீரர் சுங் சியோல் வோன் வெற்றி உறுதி என்று இரு கைகளையும் உயர்த்தினார். பின்னால் வந்த தைவானின் ஹுவாங் யூ லின் அந்தக் கணத்தில் இடது காலை முன்னே நீட்டினார். தங்கம் தைவானுக்கு, வித்தியாசம் 0.01 விநாடி. அதே ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஆனந்த்குமாரும் இருந்தார். ஸ்கேட்டிங்கில் கோட்டை முதலில் தொடும் ஸ்கேட்தான் கணக்கு. நீங்கள் 312ஆவதாக வந்தாலும் காலை நீட்டி முடியுங்கள், 313ஆவது ஆள் அதையே யோசித்துக்கொண்டு வருவார்.

கோட்டைத் தாண்டியதும் அங்கேயே நிற்காமல் உருண்டு விலகுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டும்.

முடிந்த பிறகு

பத்து நிமிடம் மெதுவாக உருண்டு, பிறகு ஸ்கேட்டைக் கழற்றி, உப்பும் சர்க்கரையும் உள்ள எதையாவது குடியுங்கள். சாலை உரசிய காயத்தை நிறையச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, மண் துகள் இல்லாமல் எடுக்க வேண்டும். எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்து, நினைவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த நாள் இடுப்பும் தொடையின் உள்பக்கமும் வலிக்கும், அது இயல்பு. ஒரே முழங்கால் மட்டும் வீங்கினால் அது வேறு விஷயம், பார்க்க வேண்டும்.

ஸ்கேட்டைக் கார் பின்பெட்டியில் போட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விடாதீர்கள். வெயிலில் மூடிய காரின் சூட்டில் பசை இளகும், வெப்பத்தில் வளையும் பூட் உங்கள் காலை மறந்துவிடும். வீட்டில் காலுறையையும் உள்பாதத்தையும் எடுத்துவிட்டு, நிழலில் மின்விசிறி முன் வையுங்கள். மழையில் ஓடியிருந்தால் அன்றைக்கே பேரிங்கைக் கழற்றித் துடைத்து, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். நம் ஈரக்காற்றில் ஒரு இரவு போதும் துரு ஏற. சக்கரத்தின் உள்விளிம்பு அதிகம் தேய்ந்திருக்கும். நான்கு சக்கரம் என்றால் முதலாவதை மூன்றாவதோடும், இரண்டாவதை நான்காவதோடும் மாற்றி, வலக்கால் சக்கரத்தை இடக்காலுக்குக் கொண்டுபோய், தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி பூட்டிவிடுங்கள்.